வாங்கின்மேல் ஒரு பலகை

சுவிஸ் நாட்டுப் பேர்ண் நகரில் தம்பி வீட்டுக்கு நான் வந்துசேர்ந்த வருடம், அவனுடைய மகள் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். அமெரிக்காவில் முந்திக் கறுப்பு மனிதரை அடிமையாக வைத்திருந்த கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

"மாமி, அந்த ஆக்களுக்கு எழுத்துப் படிப்பிச்சாலே குற்றமாம். நல்லகாலம், எங்கடை ஊரிலை அப்பிடி இல்லை, என்ன?"

நான் குனிந்து அவளுடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். முந்தின ஞாயிறுதான் தேத்தண்ணி குடிக்க வந்த ஒருவர், குளிரைப் பற்றிக் கதைத்துக்கொண்டே, ஊரில் நாங்கள் எந்தப் பக்கம் என்று தம்பியிடம் விசாரித்துவிட்டு, பதிலைக் கேட்டதும் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் நிலத்தில் இருக்கவேண்டும். வாங்கு, அந்த நீள இருக்கை, பெரிய சாதிப் பிள்ளைகளுக்கு. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, எல்லாரையும் சமமாக இருத்தவேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்தது. நானும் வாங்கில் ஏறி இருந்தேன். வாங்கில் இருந்தால் காலை ஆட்டலாம். அதுவரை எனக்கு அது தெரியாது.

அடுத்த நாள் காலை முதலாளியின் மகன் வகுப்புக்குள் வந்தான். பின்னால் தலையில் பலகையோடு என் தகப்பன், என் அப்பு. நாங்கள் குடியிருந்தது முதலாளியின் காணியில். அப்பு வேலை செய்தது அவருடைய புகையிலைத் தோட்டத்தில். பள்ளிக்கூடத்தை நடத்தியதும் அவர்தான்.

அப்பு வாங்கின்மேல் இரண்டு கட்டைகளை வைத்து, பலகையைப் போட்டார். பெடியன் ஏறி இருந்தான். எங்களைவிட ஒரு சாண் உயரம். பலகை ஆடியது. அப்பு பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கு எழுதத் தொடங்கினார். வாங்கு ஒன்றுதானே, உத்தரவை மீறவில்லை. சட்டம் படித்தவர்களுக்கு அதன்மேல் பலகை போடவும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இதுதான். பிறகு அப்பு உச்சி வெயிலில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போவார். பெடியன் வேண்டுமென்றே ஆடுவான்.

"உன்ரை அப்பன்தான் வாங்குக்கு அஞ்சாம் கால்" என்று எனக்குச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எனக்கு அவர்களைவிட அப்புவில்தான் கோபம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனப்பு பிடிக்கிறியள்? விட்டால் விழுவான்தானே?"

"இண்டைக்குப் படிச்சதைச் சொல்லு பிள்ளை."

பயந்தவர் என்று நினைத்தேன். அவருக்கு உறைக்கட்டும் என்றே வகுப்பில் உரத்து வாசித்தேன். நான் வாசிக்கும்போது தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நிற்பார். கழுத்து நோகிறதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு பெடியன் பட்டணத்துக் கல்லூரிக்குப் போனான். பலகை அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனது. அடுத்த கிழமை என்னுடைய படிப்பும் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

நான் கலியாணம் முடித்துப் போகும்போதுதான் அம்மா சொன்னா. நான் வாங்கில் ஏறி இருந்த அன்றே முதலாளி அப்புவைக் கூப்பிட்டாராம். உன் பெட்டை என் மகனோடு வாங்கில் இருக்கவேண்டுமென்றால், அவனை அவளுக்கு மேலே நீதான் பிடித்திருக்கவேண்டும். கையை எடுக்கிற அன்று அவள் வாங்கைவிட்டு இறங்கவேண்டும், நீங்கள் காணியைவிட்டு இறங்கவேண்டும் என்று சொன்னாராம். அப்பு பலகையைத் தலையில் வைத்தாராம்.

அவர் தூக்கிப் பிடித்தது அந்தப் பெடியனை என்றுதான் அன்று நான் நினைத்தேன்.