அணைக்க மறந்த மைக்

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் சிற்றூரில், காது கேட்கவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள், கருவியை மாட்டிவிட்ட மறுவாரமே காது கேட்கிறது என்று புகார் சொல்ல வருகிறார்கள். ஃப்ரிட்ஜ் முனகுகிறதாம். செய்தித்தாளைப் புரட்டினால் சரசரக்கிறதாம். தன் செருப்புச் சத்தமே தன்னைத் துரத்துகிறது என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். "கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஹெர் மைஸ்டர்" என்பார்கள். குறைத்து வைப்பேன். இப்படிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மனிதர்கள் வரிசையில் வருவார்கள் என்று இருபது வயதில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், போடா வேலையத்தவனே என்றிருப்பேன். எங்கள் ஊரில் அம்மன் கோயில் பொங்கல் என்றால் விடியுமுன்னே குழாய் ஸ்பீக்கர் அலறும். அதையும் நம்ம ஊரைப் பார்த்தா கட்டுவோம்? பக்கத்து ஊரைப் பார்த்துத்தான் கட்டுவோம்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையைவிட்டு உள்ளே விலகிக் கிடக்கிறது எங்கள் ஊர். மலை இல்லை, தோப்பு இல்லை. சீமைக்கருவேலம் மட்டும்தான். சத்தத்தை மறிக்க ஒன்றுமே கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் மேல் நாலு குழாயைக் கட்டிவிட்டால் மூன்று ஊருக்கும் நம்ம பாட்டுத்தான். அந்த மைக்செட்டுக்கு நான்தான் ஆபரேட்டர். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த ராஜ உத்தியோகம். ஆம்ப்ளிபயர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் பெரிய இவன் என்ற நினைப்பு எனக்கு.

ஒருநாள் ஊரில் ஒரு வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். இளையவள் தினமும் பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். காரணம் பின்னால் வரும். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது என்று மைக்கில் அறிவித்தேன். அறிவித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்தேன். பக்கத்திலிருந்த சிநேகிதன் கருப்பசாமி, ஆரத்தித் தட்டோடு நின்ற இளையவளைச் சாடை காட்டி, "என்னலே, அங்கயே பாக்க?" என்றான். நான் அவள் பெயரைச் சொல்லி, "அதுவா? அது நம்ம கையிலதாம்லே இருக்கு. ஒரு விசிலு அடிச்சேன்னு வையி, தட்டப் போட்டுட்டு ஓடியாந்துரும்" என்றேன். அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சும்மா ஒரு ஜம்பம். அந்த ஜம்பம் நாலு குழாயிலும் போய், ஒரு நொடி கழித்துத் தொட்டிப் பக்கமிருந்து எனக்கே திரும்பி வந்தது: "ஓடியாந்துரும்." மேளம் நின்றுவிட்டது. அவள் தட்டைக் கீழே போடவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அதற்குள் அவளுடைய அண்ணன்மார் என்னிடம் வந்துவிட்டார்கள்.

அடித்ததுகூடப் பெரிதில்லை. அடித்து முடித்து அதே மைக்கைக் கையில் கொடுத்து, "சொல்லுலே, பொய்யின்னு சொல்லு" என்றார்கள். அவள் பெயரைச் சொல்லி, அது என்னோடு பேசியதே இல்லை, நான் சொன்னது பொய் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று ஊரும் கேட்டது. அன்றையிலிருந்து என் பெயர் 'மைக்கு'. டீக்கடைக்குள் நுழைந்தால், "ஏப்பா, பேச்ச நிறுத்துங்க, மைக்கு ஆன்ல இருக்கு" என்பார்கள். அருப்புக்கோட்டையில் டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர்கூட, "என்ன மைக்கு, ஆப் பண்ணிட்டியா?" என்பார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை எனக்கு. மதுரைக்கு ஓடி ஒரு ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். அங்கிருந்து கத்தாரில் மேடைகளுக்கு ஒலி அமைக்கும் வேலை. பிறகு ஜெர்மன் படித்து, முப்பது வயதில் இங்கே ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி. பள்ளி முடித்து நேராக வந்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து காதின் உள்படம் வரைந்தேன். இன்றைக்கு நான் மைஸ்டர், அதாவது தொழிலில் தேர்ந்தவன் என்று சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. எங்கள் ஊரில் இப்போது 'காது டாக்டர்' என்கிறார்கள். டாக்டர் இல்லை என்று சொன்னால், பாரு என்ன அடக்கம் என்கிறார்கள்.

ஜெயித்துவிட்டான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கதையை நானே சிரிப்புக் கதையாக்கி, மொழி வகுப்பில், கடை விருந்தில் எல்லாம் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் கணினியில் ஒரு கூட்டம் முடிந்தால், மைக் படத்தின் மேல் கோடு விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். பார்த்த பிறகும் மனைவியிடம் சாடையில்தான் காபி கேட்பேன். கடையில் எனக்குப் பிடித்த இடம் ஹோர்கபீனே. செவித்திறன் சோதிப்பதற்கான, சத்தம் புகாத கண்ணாடிப் பெட்டி. கதவைச் சாத்தினால் நம் மூச்சு மட்டும்தான் நமக்குக் கேட்கும். என்னைப்போல ஊரைவிட்டு வந்தவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பாதுகாப்பு என்று உள்ளே போவோம், அப்புறம் வெளியே வரத் தெரியாது.

போன குளிர்காலத்தில் ஃப்ராவ் கெல்லர் என்ற எண்பது தாண்டிய அம்மாள் வந்தார். அவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் குட்டி மைக் ஒன்று கொடுத்திருந்தேன். எதிரில் பேசுகிறவர் அதைக் குத்திக்கொண்டால் பேச்சு நேரே காதுக்கருவிக்கு வரும். மருமகள் அதைக் கழற்ற மறந்து அடுக்களைக்குப் போய், மாமியாரை எப்போது முதியோர் இல்லத்தில் விடலாம் என்று தங்கையிடம் போனில் பேசியிருக்கிறாள். இவர் கூடத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறார். "இதை என்ன செய்வது?" என்று மைக்கை என் மேசையில் வைத்தார். நான் கருவியில்தான் ஏதோ கோளாறு என்று பித்தானை அழுத்திப் பார்த்தேன். "அது நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்றார். சங்கடமாகிவிட்டது. ஆறுதலாக இருக்கட்டும் என்று என் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை.

"உண்ட் டாஸ் மேட்ஷென்?" என்றார். அந்தப் பெண்?

"அவளுக்கு என்மேல் காதல் கீதல் எல்லாம் கிடையாது" என்றேன்.

"நான் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதையில் அந்தப் பதில் மட்டும் இல்லை. அன்றைக்கே ஊரிலிருக்கும் அக்காவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் அக்கா. "அந்த வாரமே படிப்ப நிறுத்திட்டாக. பஸ்ஸு ஏறக் கூடாதுன்னுட்டாக. நீ பொய்யின்னு சொன்னா ஆச்சா? ஒண்ணும் இல்லாமயா அவன் வாயில வந்துச்சுன்னு ஊரு பேசுச்சு. மூணு மாசத்துல மல்லாங்கிணத்துப் பக்கம் ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடுத்துட்டாக. அவரும் போய்ச் சேந்துட்டாரு. இப்ப இங்கதான், அண்ணன் வீட்டுல இருக்கா."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ என்னைக்குலே கேட்ட?"

சீ, என்ன பிழைப்பு என்று இருந்தது. எனக்கு அது ஒரு பட்டப்பெயர். அவளுக்கு அது படிப்பு, பஸ், எல்லாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் கோயில் கமிட்டித் தலைவர் அழைத்தார். பொங்கலன்று நான் மைக்கில் பேச வேண்டுமாம், வர முடியாவிட்டால் போனிலாவது. "அந்தக் கதையவே சொல்லுங்க தம்பி. அவமானப்பட்ட ஆளு எப்படி மேல வந்தாருன்னு பிள்ளைக தெரிஞ்சுக்கிடட்டும்." எனக்கு நெஞ்சு துள்ளியது. அதே ஊர், அதே மைக். அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடலாம். இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். எதற்கும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று அக்காவை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"'எம் பேர மைக்குல சொல்ல வேணாம்னு சொல்லுங்க. நல்லதாவும் வேணாம், கெட்டதாவும் வேணாம்'னா. வேற ஒண்ணும் சொல்லல."

எழுதியதைக் கிழித்துப் போட்டேன். மன்னிப்பு என்று நான் நினைத்ததும் இன்னொரு தடவை குழாயில் அவளைக் கட்டித் தொங்கவிடுவதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. பேசினால் கூட்டம் அந்தக் கதையைத்தான் கேட்கும். பேசாவிட்டால் ஜெர்மனிக்காரனுக்குத் தலைக்கனம் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. இந்தக் கட்டுரையைக்கூட அவளிடம் கேட்டனுப்பித்தான் எழுதுகிறேன். பேர் இல்லையென்றால் எழுதிக்கிடட்டும் என்றாளாம்.

பொங்கலன்று, கடையின் மதிய இடைவேளையில் ஹோர்கபீனேக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே சாயங்காலம். கருப்பசாமிதான் போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தான். "பேசு மாப்ள" என்றான். வணக்கம் என்றேன். ஒரு நொடி கழித்து என் வணக்கம் தொட்டிமேலிருந்து திரும்பி வந்தது. "ஏலே மைக்கு, அந்த விசிலு கதையச் சொல்லுலே!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும், பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள் என்றேன். "அம்புட்டுத்தானா?" என்றது தலைவர் குரல். "அம்புட்டுத்தான்" என்றேன். அதுவும் மூன்று ஊருக்கும் கேட்டது.

சற்று நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். நான் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தேன்.

"அவ இருந்தாளாக்கா?"

"இருந்தா. அன்னதானத்துக்கு எங்ககூட ஒக்காந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தா. ஒன் கொரலு வந்ததும் கை நின்னுபோச்சு. அருவாமனைக்கு முன்னால அப்படியே அசையாம ஒக்காந்திருந்தா. நீ அம்புட்டுத்தான்னதும் மறுபடி நறுக்க ஆரம்பிச்சிட்டா."

போனில், அக்காவுக்குப் பின்னால் குழாய் அலறிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் அரிவாள்மனையில் வெங்காயம் விழும் சத்தம் கேட்கிறதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். இடைவேளை முடிந்து கடையைத் திறந்திருந்தார்கள். ஃப்ராவ் கெல்லர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். அவர் வாய் அசைவது தெரிந்தது. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை.