பதினெட்டில் ஒரு பங்கு

எங்கள் அலுவலகத்திலேயே அதிக விபத்துகளைப் பார்த்த வண்டி மோதல் சாரின் மேசைமேல் நிற்கிறது. ஒரு சாண் நீளம். அடர்பச்சை. கூரை கிடையாது, இரண்டே இருக்கை. கம்பி போட்ட சக்கரங்கள், எதையோ பார்த்து அதிசயித்துப்போன மாதிரி உருண்டை விளக்குகள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அப்படியே சுருக்கி உலோகத்தில் வார்த்தது. கையில் எடுத்தால் பொம்மை என்று சொல்ல வாய் வராது, அவ்வளவு கனம். கதவு திறக்கும். சட்டைப் பொத்தான் அளவுள்ள ஸ்டியரிங்கை நகத்தால் திருப்பினால் முன்சக்கரங்கள் சொன்னபடி கேட்கும்.

மோதல் சார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். வண்டியை இடித்துக்கொண்டவர்கள் நஷ்டஈடு கேட்டு வந்தால், எப்படி இடித்தது என்று விசாரித்து எழுதுவது அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

வருகிறவர் கதையை ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்துவார். "வாயால சொல்லாதீங்க. கையால காட்டுங்க." பச்சைக் கார் அவர்கள் பக்கம் நகரும். ஸ்டேப்ளர் லாரி. அழிரப்பர் ஸ்கூட்டர். டீ கிளாஸ் ரவுண்டானா.

ஒருமுறை ஒரு துணிக்கடைக்காரர், தன் வண்டி நின்றுகொண்டிருந்ததாகவும் லாரிதான் வந்து இடித்ததாகவும் சத்தியம் செய்தார். செய்துகொண்டே காரை ஸ்டேப்ளரை நோக்கித் தள்ளினார்.

"நிக்கிற வண்டி ஏன் சார் ஓடுது?" என்றார் மோதல் சார், மிகுந்த மரியாதையோடு.

அவர் போன பிறகு பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த என்னிடம் சொன்னார்: "வாய்க்குப் பொய் சொல்லத் தெரியும் தம்பி. கைக்கு அந்த சாமர்த்தியம் பத்தாது."

கார் வந்த அட்டைப்பெட்டியில் 1:18 என்று போட்டிருக்கும். அசல் காரில் பதினெட்டில் ஒரு பங்கு நீளம் என்ற அளவுக் கணக்கு. "இது உங்க காரா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "ஆமா. பதினெட்டுல ஒரு பங்கு வாங்கியாச்சு. இன்னும் பதினேழு பங்குதான் பாக்கி." பதினைந்து வருடமாக அதே நகைச்சுவை. கணக்குத் தெரிந்தவர்கள் ஏதோ சொல்ல வாயெடுப்பார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவார்கள்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கேட்டால், "பாம்புக்கடிக்கு வைத்தியம் பண்றவன் வீட்ல பாம்பு வளர்க்கணுமா?" என்பார்.

பாம்பு போன வருடம் வீடு தேடி வந்தது. மகள் வேலை மாறி வெளியூர் போகும்போது தன் சின்னக் காரை அம்மாவிடம் விட்டுப்போனாள். ஐம்பத்திரண்டு வயதில் அந்த அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டார். தினமும் காலையில் கணவரை அலுவலக வாசலில் இறக்கிவிடுவார். வழி முழுக்க இவர் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். "தரை தேஞ்சு ஓட்டை விழப்போகுதுங்க" என்று அந்த அம்மா ஒருநாள் சொன்னது எங்கள் ஜன்னல் வரைக்கும் கேட்டது. ஆனாலும் இறங்கியதும் கதவை இவர் மூடுகிற விதத்தில் ஒரு பெருமை இருக்கும். பேருந்தில் வந்த காலத்தில் அந்தத் தோள் அப்படி நிமிர்ந்ததில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் குடியிருப்பின் வாசல் தூணில் கார் உரசியது. இடதுபக்கக் கதவு முழுக்கக் கீறல்.

"நான் நேராத்தான் போனேன். நீங்கதான் ஸ்டியரிங்கைப் புடிச்சு இழுத்தீங்க" என்றார் மனைவி.

"நானா? பயத்துல உனக்கு எல்லாம் குழம்பிப்போச்சு."

நஷ்டஈட்டுப் படிவத்தில், விபத்துக்கான காரணம் என்ற இடத்தில், 'ஓட்டுநரின் அனுபவமின்மை' என்று எழுதினார். அந்த அம்மா அதைப் படித்தார். சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். அந்த வரி இருக்கும்வரை இனி அதைத் தொடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

பதினோரு நாள் மோதல் சார் பேருந்தில் வந்தார். தோள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது.

"அந்த வரியை மாத்தினா சாவியை எடுப்பாளாம்" என்றார் என்னிடம். "இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்துட்டு, வீட்டுக்காக ஒரு பொய்யை எப்படித் தம்பி எழுதறது?"

சொந்த வண்டியின் கோரிக்கையை அவரே முடிக்க விதியில்லை. படிவம் மேனேஜர் மேடத்திடம் போனது. பன்னிரண்டாம் நாள் மேடம் கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டார்.

"சார், நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."

தன் மேசைக்கு எதிர்ப்பக்கம் மோதல் சார் உட்கார்ந்தது அன்றுதான் முதல்தடவை. அந்த நாற்காலி கொஞ்சம் தாழ்வு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். மேடம் இரண்டு பஞ்சிங் மெஷின்களைத் தூண்களாக நிறுத்தினார். அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்து அலமாரியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

"வாயால சொல்லாதீங்க சார்" என்றார் மேடம். "கையால காட்டுங்க."

அவர் இடதுகையால் காரைப் பின்னாலிருந்து தள்ளினார். "மெதுவாத்தான் வரா... நேராத்தான் வரா... இதோ, இந்த வலதுபக்கத் தூண் ரொம்பக் கிட்ட..."

அப்போது அவருடைய வலதுகை மேசைமேல் ஏறியது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. சுண்டுவிரல் நகம் நேராகப் போய் அந்தப் பொத்தான் ஸ்டியரிங்கில் மாட்டி, ஒரே இழுப்பு. முன்சக்கரங்கள் இடதுபக்கம் திரும்பின. டக்.

அலமாரிப் பக்கமிருந்து எல்லாக் கழுத்தும் நீண்டது.

"வண்டியைத் தள்ளினது இடதுகை" என்றார் மேடம். "இந்த வலதுகை யாரோடது சார்?"

மோதல் சார் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல.

"தவளை தன் வாயால கெடும்பாங்க" என்றார் மனைவி. "இவரு வாயை நல்லாத்தான் காப்பாத்தினாரு மேடம். கை கவுத்துடுச்சு."

முதலில் சிரித்தது மோதல் சார்தான். அதற்காகவே காத்திருந்த அலமாரிப் பக்கமும் சிரித்தது. படிவத்தைக் கேட்டு வாங்கி, அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். யோசித்து எழுதினார்: 'பக்கத்து இருக்கையில் இருந்தவரின் தேவையற்ற உதவியால்.'

"'உதவி'ன்னு போட முடியாது சார்" என்றார் மேடம்.

'குறுக்கீட்டால்' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

"காரைக் கொஞ்சம் துணியில சுத்திக் குடுங்க தம்பி" என்றார் அவர் மனைவி என்னிடம். "சின்னதை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

ஏன் என்று அடுத்த நாள் காலை ஜன்னலில் பார்த்தேன். எங்கள் வாசலும் குறுகல்தான். மகளின் கார் மெதுவாக உள்ளே வந்தது. இடதுபக்க இருக்கையில் மோதல் சார், மடியில் பச்சைக் கார். தூண் நெருங்கியதும் அவர் குனிந்து நகத்தால் அதன் ஸ்டியரிங்கை முழுமூச்சாக இடதுபக்கம் திருப்பினார். பெரிய வண்டி அதைக் கண்டுகொள்ளாமல் நேராக வந்து நின்றது.

மேலே வந்து பச்சைக் காரை அதன் இடத்தில் நிறுத்தினார். பத்து மணிக்கு முதல் ஆள் வந்தார். உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தார்.

"இது உங்க காரா சார்?"

"ஆமா. பதினெட்டுல ஒரு பங்கு" என்றார் மோதல் சார். "இதை நான் ஓட்டறேன். மீதி பதினேழு பங்கையும் வீட்ல ஓட்டறாங்க."