மாடித் தொட்டிக்கு வந்த குழாய்த் தண்ணீர்

சவூதியிலிருந்து மூன்று மாத விடுப்பில் வந்தபோது மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். மாடியில் மீன்தொட்டி, அந்தத் தண்ணீரிலேயே கீரை. விடுப்பு முடிவதற்குள் இது பிடித்துக்கொண்டால் திரும்பிப் போக மாட்டேன்.

"ஏலே, கூப்பிடு தூரத்துல கடலை வச்சுக்கிட்டு மாடியில மீன் வளக்கியாக்கும்?" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் தொட்டியை மேலே ஏற்ற இரவல் வாங்கியிருந்த ஏணி அவருடையது.

மீன் கழிவைக் கீரைக்கு உரமாக்கும் நுண்ணுயிர்கள் வளர, ஒரு மாதம் மீனில்லாமலே தண்ணீரைச் சுற்றவிட்டேன். பிறகு ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பண்ணையில் ஐம்பது கெண்டைக் குஞ்சுகள் வாங்கி, பையை மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தேன். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் திறந்தேன். அவை ஒவ்வொன்றாக நீந்தி வெளியேறியபோது மனைவி கைதட்டினாள். சில நாளிலேயே அவள் கையைக் கண்டால் மேலே வந்தன.

மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வந்தால் குடம், வாளி, அண்டா எதையும் காலியாக விட மாட்டோம். மீனுக்கு மட்டும் டிரம்மில் இரண்டு நாள் வெயிலில் வைத்து, குளோரின் போன பிறகே ஊற்றுவேன். ஏன் என்று அவளிடம் சொன்னதில்லை. பெரிய நிபுணன் என்ற நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பினேன். வாசலிலேயே சிரித்தபடி நின்றாள்.

"தண்ணி வந்துட்டு. தொட்டி கொறஞ்சு கெடந்துச்சுல்லா, மொதல்ல அதுக்குத்தான் விட்டேன். குடிக்கதுக்குப் பெறகுதான் பிடிச்சேன்."

மாடிக்கு ஓடினேன். பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டிரம் காலி. போர் தண்ணீரோ உப்பு. குளோரினை முறிக்கும் மருந்துக்கு வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் செய்தால், ஞாயிறு என்று கடை பூட்டு. காற்றுப் பட்டாவது குளோரின் போகட்டும் என்று, தொட்டித் தண்ணீரையே குடத்தால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவளும் ஒரு செம்பை எடுத்து ஊற்றினாள், ஏன் என்று கேட்காமலே. மதியத்துக்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. யாரைத் திட்ட? குடிதண்ணீருக்கு முன்னால் என் மீனுக்கு விட்டவளையா?

அவளே வடிகூடையில் அள்ளினாள்.

"இன்னொரு தடவ வாங்கி விடுவமா?"

குளோரினில் நுண்ணுயிர்களும் செத்திருக்கும்; மறுபடி ஒரு மாதம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும். விடுப்பில் பாக்கி பன்னிரண்டு நாள்.

"வாங்குவோம்" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே போய், பரணிலிருந்து என் சவூதிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.