இருட்டில் வந்த கை

என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது. எங்கள் மகளும் அப்படியே பிறந்தாள். நான் பேசக்கூடியவன்தான், ஆனால் பேச வேண்டிய இடத்தில் வாய் திறக்காதவன். வீட்டில் மூன்று பேரும் கையால் பேசிக்கொள்வோம். அது எங்கும் படித்து வந்ததல்ல. கல்யாணமான முதல் மாதத்தில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் நானும் அவளும் செய்துகொண்டது. பிறகு மகள் வந்து தன் பங்குக்கு நிறையச் சேர்த்தாள்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு வாட்ச்மேன் வேலை. மோட்டார் போடுவதும் நான்தான். பன்னிரண்டு வீடுகள். கார் நிறுத்தும் இடத்தின் மூலையில், மீட்டர் ரூமை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை. அங்கே குடியிருந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் கையில் ஒரு பெயர் இருந்தது. செக்ரட்டரி என்றால் பேன்ட்டை மேலே இழுத்துவிடுவது. மூன்றாவது மாடி பாய் என்றால் தாடியைத் தடவுவது. முதல் மாடி டீச்சரம்மா என்றால் மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிடுவது. அவர்கள் எதிரில் நின்றே அவர்களைப் பற்றிப் பேசிச் சிரிப்போம்.

ஆனால் வெளிச்சம் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு இல்லை. அப்போதெல்லாம் கரண்ட் அடிக்கடி போகும். அந்த நேரத்துக்கென்று உள்ளங்கையில் பேச ஒரு பத்திருபது சொற்கள் வைத்திருந்தோம். சுண்டுவிரலை அழுத்தினால் மகள். மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினால் பள்ளிக்கூடம். நகத்தால் உள்ளங்கையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் வேண்டாம். விரல் நுனியை அழுத்தி அப்படியே வைத்திருந்தால் கேள்வி. விரல்களை மடக்கி மூடிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. கரண்ட் போனால் எப்படி இருக்கும் என்று மனைவியை ஒரு முறை கேட்டேன். எல்லோரும் செத்துப்போய்விட்ட மாதிரி இருக்கும், என்னை மட்டும் விட்டுவிட்டு, என்றாள். அதனால் தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும்.

கைப்பேச்சில் இன்னொரு வசதி உண்டு. கேட்கப் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அந்த வருஷம் பங்குனி மாதத்தில் பத்து நாளாக நான் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

டீச்சரம்மா ஒரு விண்ணப்பம் வாங்கி வந்திருந்தார். செங்கல்பட்டுக்கு அப்பால், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதி வருவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. நான் ஐந்தாவதோடு நின்றவன், எனக்கும் சொல்லித்தரத் தெரியாது. விண்ணப்பத்தோடு வந்த தாளில், சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம் ஒன்று இருந்தது. அதை மகள் தன் படுக்கைப் பாய்க்கு அடியில் வைத்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அனுப்பலாம் என்றாள் மனைவி. நான் திரும்பிக்கொண்டேன். என் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் சனிக்கிழமை இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, எல்லோரும் மொட்டை மாடியில் கூட வேண்டும்.

"கரெக்டா எட்டரைக்கு எல்லா மெயினையும் இறக்கிடு. தனித்தனியா விட்டா எவனும் ஆஃப் பண்ண மாட்டான்," என்றார் செக்ரட்டரி.

"சரி சார்."

"உன் ரூமும்தான். டார்ச் கீர்ச் அடிக்காத. பசங்க ஃபுல் டார்க் வேணும்னு ஆசையா இருக்காங்க."

என் வீட்டில் இரண்டு பேருக்கு வெளிச்சம்தான் காது, வாய் எல்லாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நிமிஷப் பேச்சு. "சரி சார்" என்று வந்துவிட்டேன். வந்தது மட்டுமல்ல, சனிக்கிழமை மாலை டார்ச்சையும் எடுத்து மீட்டர் ரூம் அலமாரியில் வைத்தேன். யாராவது எடுத்து அடித்துவிட்டால் என் மேல் பேச்சு வருமே என்றுதான்.

மனைவி தரைத்தள வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு போகும், மறுபடி வரும், வேலை முடிந்ததும் மேலே வா, என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மகள் முன்பே மொட்டை மாடிக்குப் போய், அங்கிருந்த குழாயடியில் மற்றப் பிள்ளைகளோடு தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாள். எட்டரைக்கு மெயின் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வீடு காணாமல் போனது. மீட்டர் ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படியேறினேன்.

நான் மேலே போய்ச் சேர்ந்த நேரம், எதிர் வீடுகள், தெருவிளக்கு, தூரத்தில் கேம்ப் ரோட்டுக் கடைகள் என்று எல்லாமே ஒரே இழுப்பில் அணைந்தன. ஊருக்கே கரண்ட் போய்விட்டது.

"அடப்பாவி, வாட்ச்மேன் இழுத்த இழுப்புல சேலையூரே போச்சு!" இது பாயின் குரல்.

"யாருங்க அது, என் கால மிதிக்கிறது?"

"பேயா இருக்கும்."

"பேயா இருந்தாலும் மெயின்டெனன்ஸ் கட்டிட்டு மிதிக்கட்டும்," என்றார் செக்ரட்டரி. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நிலா இல்லை. பத்து வருஷமாக நான் தண்ணீர் அளவு பார்க்க ஏறி இறங்கிய மொட்டை மாடிதான், ஆனாலும் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. குரல்கள் மட்டும் இருந்தன, ஆட்கள் இல்லை. தாம்பரத்திலிருந்து கிளம்பும் ரயிலின் ஊதல் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டது. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கை என் கையைத் தேடி எடுத்தது. ஈரமான, ஜில்லென்ற கை. பாத்திரம் தேய்த்த கையைத் துடைக்காமல் மனைவி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அது என் சுண்டுவிரலை அழுத்தியது. மணிக்கட்டில் இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கை நடுவில் விரல் நுனி வந்து நின்றது. மகளுக்குப் பள்ளிக்கூடமா?

இருட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வழி இல்லை. கையை இழுத்துக்கொள்ளலாம். ஆனால் என் முகத்தை யாரும் பார்க்க முடியாத அந்த நேரத்தில், பத்து நாளாக அடைத்து வைத்திருந்தது தானாக வந்துவிட்டது. நகத்தால் குறுக்கே கோடு இழுத்தேன். வேண்டாம். விரல் நுனி மறுபடி வந்து நின்றது. ஏன்?

அந்தக் கையின் சுண்டுவிரலை அழுத்தினேன். மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினேன். பிறகு அதன் விரல்களை மடக்கி மூடி, மூடிய கையை என் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடம் போனால் எனக்குப் பேச்சு முடிந்துபோகும். அங்கே வேறு கைப்பேச்சு கற்றுத்தருவார்கள் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு வந்தால் என்னால் அதைப் படிக்க முடியாது. என் வாயால் உலகத்தில் யாரிடமும் பேசாத நான், அவளிடம்தான் ஓயாமல் பேசியிருக்கிறேன். இவ்வளவையும் உள்ளங்கையில் சொல்ல முடியாது. நெஞ்சு அடித்துக்கொண்டதை அந்தக் கை உணர்ந்திருக்கும்.

 பிறகு அது மெதுவாக உருவிக்கொண்டு போய்விட்டது.

 சுற்றிலும் அந்தாக்ஷரி ஆரம்பித்திருந்தார்கள். அப்போது இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு கை என் தோளைத் தடவி, முழங்கையைத் தடவி, என் விரல்களைப் பற்றியது. வெந்நீரில் ஊறிப்போன தடித்த விரல்கள், சோப்பு வாசனை. கட்டை விரலில் பழைய வெட்டுத் தழும்பு. என் மனைவி. இப்போதுதான் இருட்டில் மூன்று மாடியையும் தவழ்ந்து ஏறி வந்திருந்தாள்.  அவள் என் சுண்டுவிரலை அழுத்தி நிறுத்தினாள். மகள் எங்கே?

 அப்படியானால் என்னிடம் பேசிவிட்டுப் போன கை எது? அதைப் புரிந்துகொள்ள ஒரு நொடிதான் ஆனது. எங்கள் பேச்சு தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர்தான்.

"பாப்பாவக் காணோம்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாட்டு நின்றது. உடனே நாலு பக்கமும் "பாப்பா! பாப்பா!" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"ஐயோ, அதுக்குக் காது கேக்காதே," என்றார் டீச்சரம்மா. எல்லாக் குரலும் ஒன்றாக அடங்கியது.

காது கேட்காத பிள்ளையை இருட்டில் கூப்பிட வழி கிடையாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அத்தனை பேரும் கையை நீட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் கை இன்னொருவர் முகத்தில் பட்டு, "நீயா?" "நான்தான்" என்று விலகியது. தொட்டிக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அங்கே மண்டியிட்டு, ஓரம் முழுவதையும் இரண்டு கையாலும் தடவிக்கொண்டே போனேன். ஏதாவது விழுந்த சத்தம் கேட்டதா என்று யோசித்தேன். பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது.

"டேய், ஓடிப் போய் மெயினைப் போடுப்பா!" என்று கத்தினார் செக்ரட்டரி.

"போட்டாலும் வராதுங்களே, ஊருக்கே கரண்ட் இல்ல," என்றார் பாய். "என் செல்லுல லைட் கீது. வாப்பா, கீழ போய்ப் பார்த்துடலாம்."

அங்கே அவருடைய செல்போன் தலையில் மட்டும்தான் குட்டியாக ஒரு விளக்கு இருந்தது, பதற்றத்தில் அதுவரை அவருக்கே நினைவு வரவில்லை. படி படியாகப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். கட்டடத்தைச் சுற்றித் தரையெல்லாம் பார்த்தோம். எதுவும் இல்லை. எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது.

மகள் உள்ளே இருந்தாள். எங்களுக்குப் பக்கவாட்டில், சுவரைப் பார்த்து, கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தாள். தரையைப் பார்த்துப் பிடித்திருந்த செல்போன் வெளிச்சத்தில் அவள் மங்கலாகத் தெரிந்தாள். கைகள் அசைந்துகொண்டிருந்தன. எதிரில் யாரும் இல்லை.

"யா அல்லா, யாரோட பேசுது?" என்றார் பாய், மெல்ல.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் சொல்வது எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் வேண்டாம். எனக்குப் பிடிக்கவில்லை, அம்மா. சொல்லி முடித்ததும் ஒரு சிரிப்பு சிரித்தாள். அதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மறுபடி அந்தச் சிரிப்பு, முன்னைவிட நன்றாக வந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒளி நேராக முகத்தில் பட்டதும் சட்டென்று கைகளை மடிக்குள் மறைத்தாள்.

மனைவி அவள் முதுகில் இரண்டு அடி கொடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். நான் போய் மெயின்களை ஏற்றி வைத்தேன், பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. வந்த உடனே மகள் அம்மாவைத் தன் பக்கம் திருப்பி, ஒத்திகை பார்த்ததைப் பிசகாமல் சொன்னாள், சிரிப்போடு சேர்த்து. மனைவி என்னைப் பார்த்தாள். படுக்கைப் பாய்க்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததை மனைவியிடம் சொன்னேன், முகத்தைத் திருப்பாமல். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். என்னிடம் எதற்குச் சொல்கிறாய், அவளிடம் போய்ச் சொல், என்றாள்.

மகள் மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்தேன். நீ போக வேண்டும், என்றேன். நீ நேற்று வேண்டாம் என்றாய், என்றாள். அது என் பயம், என்றேன். உனக்குப் போக ஆசையா? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை என்னிடம்தான் படித்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் தாடையைத் தொடவில்லை. காத்திருந்தேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து மேல் மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். எழுந்து போகவில்லை. கடைசியில் அவள் திரும்பி, ஆமாம் என்று தலையசைத்தாள்.

திங்கட்கிழமை காலை டீச்சரம்மா வீட்டு மணியை அடித்தேன். "ஃபாரத்தை எழுதிக் குடுங்கம்மா, கையெழுத்துப் போடறேன்," என்றேன். அவர் உட்காரச் சொன்னார். நின்றபடியே போட்டேன்.

ஜூன் மாதம் ரயில் பிடித்து, பிறகு பஸ் மாறி, பெட்டியோடு போய் இறங்கினோம். பெரிய மைதானம். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். செருப்புச் சத்தம் மட்டும்தான். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. அதில் ஒரு சொல்கூட எனக்கோ மனைவிக்கோ தெரியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 

ஒரு பெண் ஓடி வந்து என் மகள் முன்னால் நின்று கையால் ஏதோ கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்றேன். அந்தப் பெண் பொறுமையாக மறுபடி கேட்டாள். மகள் அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, அதே மாதிரி தன் விரல்களை மடக்கிப் பார்த்தாள்.