பாங்குக்கு முன்பே பள்ளிக்கூடம்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐந்தாம் பாரம், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். சர்க்கார் உத்தரவுப்படி கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. அதைப் ‘புது டைம்’ என்போம். ஆபீஸ், ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் புது டைம். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் மட்டும் பழைய டைமிலேயே ஓடியது. ராகுகாலமும் எமகண்டமும் சர்க்கார் உத்தரவுக்குக் கட்டுப்படாது என்பது அப்பாவின் கட்சி. அம்மா மணி பார்த்துவிட்டு மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வாள்.

இன்னொரு பள்ளியின் கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டதால் அந்த மாணவிகளும் எங்கள் கட்டடத்துக்கு வந்தார்கள். எங்களுக்குக் காலை, அவர்களுக்கு மதியம். எங்கள் மணி ஏழுக்கு அடித்தது. வானத்தின் கணக்கில் அது ஆறு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நல்ல இருட்டாக இருக்கும். விமானக் குண்டுவீச்சுக்குப் பயந்து தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டிருந்தார்கள். முதல் பீரியடில் பாதி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். பிரார்த்தனையின்போது யாராவது மயங்கி விழுந்தால், பக்கத்தில் நிற்பவள் பழக்கப்பட்டவளைப் போலத் தோளைப் பிடித்து உட்கார வைப்பாள்.

இரண்டு தெரு தள்ளியிருந்த என் வகுப்புத் தோழியும் நானும் சேர்ந்து போவோம். அவளுடைய அத்தா (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) தையற்காரர். ராணுவச் சட்டைகள் தைக்கும் இடத்தில் ராத்திரி வேலை. அவர்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. விடியற்காலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் குரல் கேட்டதும் எழுந்துகொள்வார்கள். புது டைம் வருவதற்கு முன் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. இப்போதோ, தை பிறந்து சூரியன் பிந்தப் பிந்தப் பாங்கும் பிந்தியது. பள்ளிக்கூட மணி பிந்தவில்லை. என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு அந்த மாதத்தில் அவள் இரண்டு முறை தாமதமாக வந்தாள். மூன்றாவது முறை வந்தால் தகப்பனாரை அழைத்துவர வேண்டும் என்பது விதி. இருட்டில் பெண்ணை அனுப்புவதே அவள் அத்தாவுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகார் வந்தாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

அந்த வாரம் திருச்சியிலிருந்து மாமா வந்திருந்தார். அவர் வந்த மறுநாள் காலை அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள்.

“ஆறே முக்கால் ஆயிடுத்துடி. நான் அசந்து போயிட்டேன். இன்னிக்கு நீயும் லேட், அவளும் லேட்.”

காப்பிகூடக் குடிக்காமல் ஓடினேன். தோழியின் வீட்டில் விளக்கு எரியவில்லை. கதவைத் தட்டியதும் அவள் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். நான் மணியைச் சொன்னேன்.

“பாங்கு இன்னும் சொல்லலியேம்மா” என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. “நாங்கதான் கேக்காம தூங்கிட்டமோ?”

உள்ளே தோழி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பாவாடை தாவணியைச் சரிசெய்துகொண்டு, ரிப்பனைக் கையில் பிடித்தபடி வந்தாள். தெருவில் நடந்துகொண்டே பின்ன ஆரம்பித்தாள். பாதிப் பின்னலோடு ஓட ஆரம்பித்தோம்.

பெரிய ரோட்டில் டிராம் ஓடவில்லை. முதல் வண்டி போய்விட்டது என்று நினைத்தோம். பால்காரரைக் காணவில்லை. அவரும் ஊற்றிவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தோம். கண்ணில் பட்டது ஒவ்வொன்றும் நேரமாகிவிட்டது என்றுதான் எங்களிடம் சொல்லிற்று. இருட்டில் நடைபாதை எது, ரோடு எது என்று தெரியாததால், காலுக்குத் தட்டுப்பட்ட டிராம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினோம்.

லாரி வந்தது தெரியவில்லை. முகப்பு விளக்குகளில் பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசிய ராணுவ லாரி. சத்தம் முதுகுக்கு மிக அருகில் கேட்டபோது தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ரோட்டோரத்தில் விழுந்தோம். லாரி கொஞ்ச தூரம் சக்கரங்களைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. ஒரு சிப்பாய் தலையை நீட்டி எங்களுக்குப் புரியாத மொழியில் திட்டிவிட்டுப் போனான். தோழியின் முழங்காலில் தோல் பெயர்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தடவித் தடவிப் புத்தகங்களைப் பொறுக்கினாள். “எழுந்திரு, மணி அடிச்சிடுவாங்க” என்றாள்.

பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது.

மணி அடித்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போய்விட்டார்கள் என்று இருவருமே முடிவு செய்தோம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படியில் உட்கார்ந்து, புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள்.

“பூகோளப் புத்தகம் நீயே வச்சுக்கோ. உன்னோடதுல அட்டை கிழிஞ்சு போச்சு இல்ல?”

அவள் அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. அத்தா வேலை முடிந்து வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டால் தானே சொல்லிவிடலாம், பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொல்வதைவிட அது மேல் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகவும் ஆரம்பித்தாள்.

அப்போது தூரத்தில் பாங்கு கேட்டது.

அவள் நின்றுவிட்டாள். தாவணியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரை கேட்டாள். பிறகு திரும்பி வந்தாள். “இப்பதான் சொல்றாங்க. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு. உங்க வீட்டுக் கடிகாரத்துக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அதன்பிறகுதான் அவள் தன் முழங்காலைப் பார்த்தாள்.

படியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டோம். காவல்காரர் கேட்டைத் திறந்தபோதுதான் விழித்தோம். “இன்னா பாப்பா, ராவெல்லாம் இங்கியே கீறீங்களா? படிப்பு மேல அம்மாம் ஆசையா?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். பாதிப் பின்னலையும் முழங்காலையும் பார்த்தார். எதைப் பார்த்துக் கிளம்பினீர்கள் என்று கேட்டார். நான் எங்கள் கடிகாரத்தைச் சொன்னேன். தோழி, “எங்க வீட்ல கடிகாரம் இல்லீங்க டீச்சர். பாங்குதான்” என்றாள்.

“அது தினமும் ஒரே நேரத்துக்குச் சொல்ல மாட்டாங்களே” என்றார் அவர், மெதுவாக.

“ஆமாங்க டீச்சர். சூரியனைப் பார்த்துத்தான்.”

அவர் எங்கள் இருவரையும் முகம் கழுவிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் விஷயம் தெரிந்தது. மாமா ராத்திரி எங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறதென்று நினைத்து, முள்ளைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் படுத்திருக்கிறார். அம்மா வழக்கம்போல அதோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறாள்.

சில நாட்களில் எங்கள் மணி எட்டுக்கு மாறியது. எங்களால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். மதியம் வந்தவர்கள் அதனால் விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்ப வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வகுப்பில் மயக்கம் நின்றது. முதல் பீரியடில் கேள்விக்குப் பதில் வந்தது. சோம்பேறிகள் என்று பெயர் வாங்கியிருந்த சிலர் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் தோழி மூன்றாவது முறை தாமதமாக வரவே இல்லை. மறு வருடம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையும் எழுதினாள். பூகோளப் புத்தகத்தை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தது என்று யாராவது குறை சொன்னால், எந்தக் கடிகாரத்தின்படி என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.