அண்ணைக்கு முன்னால் ஒரு மிடறு

எங்கள் குடும்பத்தில் நான் பாவிக்கிறதில்லை. அண்ணையும் பாவிக்கிறதில்லை. ‘பாவிக்கிறது’ என்றால் எங்கள் ஆட்களுக்கு மது அருந்துவது. பெயரைச் சொல்லாமல் காரியத்தைச் சொல்லும் மரியாதையான சொல். பாவிக்கிறவன் பாவி என்று இலக்கணம் தெரிந்த யாரோதான் உண்டாக்கியிருக்க வேண்டும்.

லண்டனில் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், மண்டபத்துக் கார் பார்க்கில் போத்தல் ஒளித்து வைத்த ஒரு காரின் டிக்கிக்குப் பின்னால் பாவிக்காத நான் நிற்பேன். எதிர் மூலையில் இன்னொரு டிக்கிக்குப் பின்னால் பாவிக்காத அண்ணை நிற்பார். ஒருவரை ஒருவர் கண்டதேயில்லை. அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்து, இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர். அவருக்கு முன்னால் கிளாஸ் தூக்குவதைவிட வேட்டி அவிழ்ந்து விழுவது மேல். வேட்டி ஒருமுறை அவிழ்ந்தும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இது எதுவும் இங்கே பிறந்த என் மகளுக்குத் தெரியாது. பெரியப்பா லண்டன் மோர்டன் பகுதியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, மகனோடு இருக்கக் கனடா போகிறார் என்றதும், சர்ப்ரைஸ் என்று சொல்லி எங்கள் இருவரையும் காரில் ஏற்றினாள். தெற்கே, நகரம் முடிந்து குன்று தொடங்கும் இடத்தில், ஒரு திராட்சைத் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கினாள். வைன் ருசி பார்க்க இரண்டு டிக்கெட்.

“டிரைவிங் நான். நீங்க ரெண்டு பேரும் என்ஜாய் பண்ணுங்கோ.”

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கொடிகளைப் பார்த்தேன்.

“தம்பி, இதென்ன?”

“பழச்சாறுதான் அண்ணை.”

“ஓமோம். கொஞ்சம் வயசுபோன சாறு.”

ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் விளக்கம் சொன்னாள். மணக்க வேண்டும், வாயில் உருட்ட வேண்டும், விழுங்க விருப்பமில்லாதவர்கள் இதில் துப்பலாம் என்று ஒரு வாளியைக் காட்டினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விழுங்காவிட்டால் அது பாவிப்பது ஆகாதே! வெறும் வாய்கொப்பளிப்புத்தானே! முதல் வைனைக் கொப்பளித்துத் துப்பினேன். அண்ணையும் துப்பினார். அடுத்ததையும் அப்படியே. பல் வைத்தியரிடம் போனவர்கள் மாதிரி மாறி மாறி வாளிக்குக் குனிந்தோம். வந்திருந்த மற்றவர்கள் விழுங்கி விழுங்கிச் சிவந்துகொண்டிருக்க, “இந்த இருவரையும் பாருங்கள், தேர்ந்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள்” என்றாள் அந்தப் பெண். என்ன மணக்கிறது என்று என்னைக் கேட்டாள். வாழைக்காய்த் தோல் என்றேன். மிகவும் நுட்பம் என்றாள். அண்ணை சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார்.

முடிவில் எங்களை வெளி மேசையில் இருத்தி, நுரைக்கிற வைன் ஆளுக்கொரு கிளாஸ் நிறைய ஊற்றி வைத்தாள். மகள் சொல்லி வைத்திருக்கிறாள்; அண்ணையின் பயணத்துக்காம், இதைத் துப்பக்கூடாதாம். மகள் படம் எடுக்கக் கொடிகளுக்குள் போய்விட்டாள். வாளி உள்ளே இருந்தது.

அண்ணை கிளாஸின் காம்பைப் பிடித்தார்.

“தம்பி, இண்டைக்குப் பரவாயில்லை. எடு.”

அவர் அப்படிச் சொல்வார் என்று கனவிலும் நினைத்ததில்லை. எனக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் கை வரவில்லை. வாய்தான் வந்தது, என்னிடம் எப்போதும் முந்துவது அதுதான்.

“எனக்கு உந்தப் பழக்கம் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை,” என்றேன், கோயிலில் நிற்கிற முகத்தோடு.

அவர் வெடித்துச் சிரிப்பார், “போடா, கார் பார்க்கில நான் காணாததோ” என்பார், பிறகு இருவரும் குடிப்போம். அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

“ஓம், தெரியும்,” என்றார். கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தார். “எனக்கும் இல்லை.”

சும்மா பகிடிக்குச் சொன்னனான் அண்ணை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத் துணிவதற்குள் மகள் வந்துவிட்டாள்.

“ரெண்டு பேரும் குடிக்கேல்லையா?”

“வயிறு நிறைஞ்சிட்டுது பிள்ளை,” என்றார் அண்ணை.

வீடு வரும்வரை நான் பகிடி ஒன்றும் விடவில்லை. அப்பாவுக்குச் சுகமில்லையா என்று மகள் கேட்டாள்.

அடுத்த கிழமை அவர் போய்விட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுகிறார். போன மாதம், டொக்டர் ஈரலைச் சோதித்துவிட்டுக் கட்டுப்பாடு போட்டிருப்பதாகச் சொன்னார்.

“உப்பு, எண்ணெய், உதுகள் எல்லாம் விடட்டாம்.”

“எதுகள் அண்ணை?”

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உதுதான்,” என்றார்.

ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது. இந்த முறை கடித்துக்கொண்டேன். சரி அண்ணை, கவனமாயிருங்கோ என்றேன்.

இனி அவர் “எடு” என்று சொன்னாலும், நான் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.