வேலி நின்றிருந்த பதினெட்டு நிமிடங்கள்

கேட்பது மட்டுமே ஒருவருடைய வாழ்நாள் ஈடுபாடாக இருந்தால், அவர் என்ன செய்தார் என்று நாம் சொல்வது? பேசியவரை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. கேட்டவரை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? அழகர்சாமியின் வாழ்க்கை இந்தக் கேள்வியை எழுப்பிக்கொண்டே இருந்ததாகத் தோன்றுகிறது. அவர் அப்படி நினைத்ததற்கு அடையாளம் இல்லை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர். ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் பல்சக்கரங்களை அளந்து பார்ப்பது அவர் வேலை. சிறந்த ஊழியர் என்று சொல்லிவிட முடியாது. தவறாத ஊழியர் என்று சொல்லலாம்.

மாலை ஷிப்ட் இல்லாத நாட்களில் சிற்றலை வானொலி கேட்பார். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டிலிருந்து தினமும் ஆறேகால் மணிக்கு அரைமணி நேரம் தமிழ் ஒலிபரப்பு உண்டு. கேட்பதோடு நில்லாமல், ஒலி எவ்வளவு பலம், குறுக்கே என்ன இரைச்சல், எத்தனை முறை தேய்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட்டு மாதம் ஒருமுறை நிலையத்துக்கு அனுப்புவார். நீங்கள் கேட்டது உண்மைதான் என்று உறுதி செய்து அவர்கள் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். 1987 முதல் அப்படித்தான்.

ஆனால் ஞாயிறுதோறும் நேயர் கடிதங்களைப் படிக்கும் சத்யப்ரியா என்ற அறிவிப்பாளர் ஒருமுறைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. எண்கள் நிறைந்த தாள்கள் நேராகப் பொறியாளர்களின் மேசைக்குப் போய்விடும், தமிழ்ப் பிரிவுக்கு வருவதே இல்லை என்பது அழகர்சாமிக்குத் தெரியாது. அவர் மனைவி ஜோதிமணிக்குக் காரணம் எப்போதோ பிடிபட்டுவிட்டது.

“ஊர்ல உள்ளவுகள்லாம் சௌக்கியமா, பாட்டுப் போடுங்கன்னு எழுதுறாக. நீங்க நாலு, மூணு, ரெண்டுன்னு எழுதுனா அந்தம்மா எதைத்தான் படிக்கும்?”

“அதுல எல்லாம் இருக்குடி.”

“ஆமா, எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால அப்படித்தான் ஒரு லெட்டர் போட்டீக. பஸ் டைமு மட்டும் எழுதி.”

2006 அக்டோபரில் நிலையம் ஒரு செய்தி சொன்னது. டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமையோடு தமிழ் ஒலிபரப்பு நிற்கிறது. அன்று இரவே அழகர்சாமி எண்கள் இல்லாத முதல் கடிதத்தை எழுதினார். நான்கு பக்கம். ஜோதிமணியிடம் காட்டவில்லை, நகல் வைத்துக்கொள்ளவும் இல்லை. டிசம்பர் நடுவில் பதில் வந்தது: ‘உங்கள் கடிதத்தைக் கடைசி நாளில் முழுவதும் படிக்கிறேன். அவசியம் கேளுங்கள். சத்யப்ரியா.’ அன்றிலிருந்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனார். பத்தொன்பது வருடம் எதற்காகக் காத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் கேட்க வழியில்லை. பக்கத்துப் பட்டறை மோட்டார்களின் இரைச்சல் சிற்றலையை விழுங்கிவிடும். அதனால் சில வருடங்களாகவே சானமாவு காட்டை ஒட்டிய, விவசாயி சென்னகிருஷ்ணனின் நிலத்துக்கு மொபெட்டில் போய், புங்கமரத்தில் செம்புக் கம்பி கட்டிக் கேட்பது வழக்கம். இந்த வருடம் அங்கும் ஒரு தொல்லை வந்திருந்தது. யானைகளுக்காகச் சென்னகிருஷ்ணன் சோலார் மின்வேலி போட்டுவிட்டார். விநாடிக்கொரு துடிப்பு கம்பியில் ஓடும்போது வானொலியில் டக், டக் என்று அடிக்கும். ஒரு சொல் கேட்டால் அடுத்த சொல் கேட்காது. அறுத்த ராகி வேறு நிலத்திலேயே போராகக் கிடந்தது. போன வருடம் அந்தப் போரை யானைகள் ஒரே மாலையில் தின்று தீர்த்திருந்தன.

“அரைமணி நேரம் வேலிய நிறுத்த முடியுமாங்க?” என்று அழகர்சாமி கேட்டபோது சென்னகிருஷ்ணன் சிரித்தார்.

“நான் நிறுத்தறேன் சார். ஆனைக்கு யாரு சொல்றது? அதுக்கும் லெட்டர் போட்டீங்களா?”

“அது வர்ற நேரந்தான். தெரிஞ்சுதான் கேக்குறேன்.”

அவர் அதுவரை அந்த நிலத்தில் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியதில்லை. சென்னகிருஷ்ணன் காட்டுப் பக்கம் பார்த்தார், பிறகு ராகிப் போரைப் பார்த்தார்.

“செரி. நான் காட்டோரமா பட்டாசு வெச்சிக்கினு நிக்கறேன். ஆனை வந்தா ஒரே கத்து கத்துவேன். நீங்க ஓடிப்போயி சுவிட்சப் போட்டுரணும். ரேடியோவக் கட்டிக்கினு ஒக்காந்துரக் கூடாது.”

டிசம்பர் 31 மாலை, மோட்டார் அறைக்குள் இருந்த சுவிட்சைச் சென்னகிருஷ்ணனே அணைத்துவிட்டுக் காட்டோரம் போனார். அழகர்சாமி அறை வாசல் கல்லில் வானொலியை வைத்து உட்கார்ந்தார். ஆறேகாலுக்கு நிலையத்தின் முகப்பிசை வந்தது. அத்தனை வருடத்தில் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. பலம் ஐந்து, இரைச்சல் இல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டார். செய்திகள் முடிந்தன. ஒரு நாட்டுப்பாடல் போனது. இருட்டத் தொடங்கியிருந்தது. ராகிப் போரின் விளிம்பு மட்டும் தெரிந்தது, அதற்கு அப்பால் கையில் தீப்பெட்டியோடு நின்றிருந்த மனிதர் தெரியவில்லை.

ஆறு முப்பத்துமூன்றுக்குச் சத்யப்ரியா பேசினார்.

“இனி கடிதங்கள். முதலில், பத்தொன்பது ஆண்டுகளாக நம்மைக் கேட்டுக்கொண்டிருந்தும், இதுவரை நாம் அறியாமலே இருந்த ஒரு நேயர்...”

அழகர்சாமி எழுந்தார். மோட்டார் அறைக்குள் போய் வேலியின் சுவிட்சைப் போட்டார்.

வெளியே வானொலி டக், டக் என்று அடிக்கத் தொடங்கியது. அறையின் வெளிச்சுவரில் இருந்த வேலிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சென்னகிருஷ்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஆனையா சார்? எந்தப் பக்கம்?”

“இல்லீங்க.”

“நான் கத்தவே இல்லியே. அங்க ஒரு முசலுகூட வரல. பொறகு எதுக்குப் போட்டீங்க?” அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். துண்டு துண்டாக ஒரு பெண் குரல் வந்துகொண்டிருந்தது. “அய்யோ, படிக்கறாங்க போலிருக்கே! தள்ளுங்க சார், நான் அணைக்கறேன். நான் பாத்துக்கறேன் ஆனைய.”

அழகர்சாமி நகரவில்லை. “படிக்கிறாகள்ல, அது போதுங்க. எம் பேச்சை நானே உக்காந்து கேக்க முடியாது” என்றார். சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு, ஒலிபரப்பு முடியும் வரை அந்த இடத்திலேயே நின்றார்.